முன்பக்க ஜாக்கில் ஊமையான கணினி: டெபியனில் ஓர் ஒலி அட்டை நிகழ்வு ஆய்வு

பெசன்ட் நகரில் ஒரு சிறிய வாசிப்பறை. பார்வைத்திறன் குறைந்த மாணவர்கள் அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படிக்க அங்கே வருகிறார்கள். அவர்களுக்கென ஒரு மேசைக் கணினி: லினக்ஸ் வகையான டெபியன் 12, க்னோம் மேசைத்தளம், திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் ஆர்க்கா திரைவாசிப்பான், அதற்கு இஸ்பீக் என்ஜி என்ற மென்பொருளின் தமிழ்க் குரல். மதர்போர்டின் மானிட்டர் இணைப்பு பழுதானதால் ஜிடி 710 வரைகலை அட்டை ஒன்று போட்டார்கள். துருப்பிடித்த கேபினட்டையும் அதோடு சேர்த்து மாற்றி, வேறொரு பழைய கேபினட்டில் எல்லாவற்றையும் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு ஒலியே இல்லை.

பாட்டுக் கேட்கும் கணினியில் ஒலி போனால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே நிலைமை வேறு. ஆர்க்கா பேசாவிட்டால் கடவுச்சொல் கட்டத்தைக்கூட மாணவரால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எப்படியாவது ஒருமுறை ஒலி வந்தால் போதும் என்று விட்டுவிட முடியாது. கணினியை இயக்கியதும், உள்நுழைவுத் திரையிலேயே, யார் கையும் படாமல் குரல் வர வேண்டும்.

அதற்குள் வழக்கமான வைத்தியங்கள் எல்லாம் நடந்து முடிந்திருந்தன. டெபியனை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தாயிற்று. மற்றொரு லினக்ஸ் வகையான உபுண்டுவை யுஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பார்த்தாயிற்று. இரண்டிலும் அதே மௌனம். வேறொரு வன்தட்டில் இருந்த விண்டோஸை மாட்டியதும் அதே ஹெட்போனில் ஒலி வந்துவிட்டது. "லினக்ஸ்ல இந்த போர்டுக்கு டிரைவர் சரியில்ல, விண்டோஸே போட்டுக்குங்க சார்" என்ற அறிவுரை அதிலிருந்து பிறந்ததுதான். புதிதாக ஒரு ஒலி அட்டை வாங்கவும் பேச்சு ஓடியது. இரண்டுமே தேவைப்படவில்லை.

கணினியின் உறுப்புகள்

இன்டெல் எச்110 சிப்செட் மதர்போர்டு. அதிலேயே பதிந்த ரியல்டெக் ஏஎல்சி887 கோடெக், அதாவது எண்வடிவ ஒலியைக் கேட்கும் ஒலியாக மாற்றும் சில்லு. இதற்கான கட்டுப்படுத்தி பிசிஐ முகவரி 00:1எஃப்.3இல் இருக்கிறது. ஜிடி 710 அட்டை 01:00.0இல் உட்கார்ந்திருக்கிறது, எச்டிஎம்ஐ வழியே ஒலி அனுப்பும் அதன் இன்னொரு பகுதி 01:00.1. ஆக, லினக்ஸின் பார்வையில் இந்தக் கணினியில் இரண்டு ஒலி அட்டைகள். இரண்டையும் இயக்குவது லினக்ஸின் மையமான கர்னலின் ஒரே மாட்யூல் (டிரைவர் துண்டு), 'எஸ்என்டி எச்டிஏ இன்டெல்'. எச்டிஎம்ஐ ஒலி வேண்டாம் என்று மாட்யூலையே தடைசெய்தால் ரியல்டெக்கும் சேர்ந்து போய்விடும். அவசரத்தில் பலர் இதைச் செய்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள்.

மானிட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. ஆனால் பின்புறம் ஹெட்போன் துளை ஒன்று உண்டு. அதனால் 'எனக்கு ஒலி அனுப்பலாம்' என்று எச்டிஎம்ஐ வழியே அது அறிவித்துக்கொள்கிறது. இந்தச் சிறு விஷயம் பின்னால் பெரிதாகிறது.

முதலில் குரல், பிறகு ஆராய்ச்சி

திரைவாசிப்பான் ஓடும் கணினியில் வேலையைத் தொடங்கும் முன், வேறு ஏதாவது ஒரு வழியில் குரலை வரவழைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கணினிக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் அவருக்குத் தெரியாமல் எதையெதையோ மாற்றிக்கொண்டிருப்பார்கள். யுஎஸ்பி ஹெட்செட் அல்லது ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் சிறிய யுஎஸ்பி ஒலிக்குச்சி போதும். பொதுவான யுஎஸ்பி ஒலித் தரத்தைப் பின்பற்றும் சாதனம் எதுவானாலும் தனி டிரைவர் கேட்காது; செருகியதும் மூன்றாவது அட்டையாக வந்து நிற்கும். பிறகு ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆர்க்கா பேசத் தொடங்கும். இந்த நிகழ்விலும் அப்படித்தான்: கட்டளைகளைத் தட்டியவர் அந்தக் கணினியில் தினமும் படிக்கும் மாணவர்தான்.

ஒலி எந்தப் படியில் நிற்கிறது

ஒலியின் படிகள் கீழிருந்து மேலாக இவை: ஹெட்போன், ஜாக், கோடெக், கர்னலில் உள்ள அல்சா டிரைவர், அதற்கு மேல் எல்லாச் செயலிகளின் ஒலியையும் கையாளும் பைப்வயர், எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்கும் வயர்பிளம்பர், அதற்கும் மேல் எழுத்தைக் குரல் மென்பொருளிடம் சேர்க்கும் ஸ்பீச் டிஸ்பாட்சர், உச்சியில் ஆர்க்கா. சோதனையைக் கீழிருந்துதான் தொடங்க வேண்டும். மேலிருந்து வந்தால் அமைப்புகள் திரையில் இருக்கும் எல்லாப் பொத்தானையும் தட்டிவிட்டு, எதை மாற்றினோம் என்பதே மறந்துபோகும்.

ஹெட்போனைக் கைபேசியில் செருகிப் பார்த்ததில் அது நன்றாகவே இருந்தது. 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை டிரைவர் பெயரும் காட்டும் தெரிவோடு ஓட்டியதில் இரண்டு ஒலிப் பகுதிகளுக்கும் டிரைவர் ஏறியிருந்தது. 'ஏப்ளே' பட்டியலில் பிசிஎச் என்ற பெயரில் ஏஎல்சி887, என்விடியா என்ற பெயரில் எச்டிஎம்ஐ. டிரைவர் இல்லை என்ற பேச்சு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போனது.

அடுத்து 'அல்சாமிக்சர்'. எஃப்6 அழுத்தி பிசிஎச் அட்டையைத் தேர்ந்தெடுத்தால் மாஸ்டர், ஹெட்போன், ஃபிரன்ட் என்ற தூண்கள் தெரியும். தூணின் அடியில் இரட்டை எம் இருந்தால் வாய் அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எம் விசையை அழுத்தினால் அது இரட்டை ஓ ஆக மாறி ஒலி திறக்கும். ஒலியளவு மேலே இருந்தும் சத்தம் வராததற்கு இந்த இரட்டை எம் காரணமாக இருப்பதுண்டு. இங்கே எல்லாம் திறந்தே இருந்தது.

இனி முக்கியமான சோதனை. பைப்வயரைத் தொடாமல் நேரே அட்டைக்கு ஒலி அனுப்புவது. 'ஸ்பீக்கர் டெஸ்ட்' கட்டளையில் சாதனமாக 'பிளக்எச்டபிள்யூ', முக்காற்புள்ளி, பிசிஎச், காற்புள்ளி, 0 என்று இடைவெளியின்றிக் கொடுத்து, தடங்கள் 2, வகை வேவ் என்று ஓட்ட வேண்டும். அட்டையை எண்ணால் சுட்டாமல் பெயரால் சுட்டுவது நல்லது. புதிய வரைகலை அட்டை போட்டால் 0, 1 என்ற வரிசை இடம் மாறக்கூடும். பிசிஎச் என்ற பெயர் மாறாது. 'சாதனம் வேறு வேலையில் இருக்கிறது' என்ற பிழை வந்தால், 'ஃபியூசர்' கட்டளையை ஒலிச் சாதனக் கோப்புறையின் மீது ஓட்டி, யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

கட்டளையை ஓட்டியதும் அதே முன்பக்க ஜாக்கில், அதே ஹெட்போனில், 'ஃபிரன்ட் லெஃப்ட், ஃபிரன்ட் ரைட்' என்று தெளிவாகக் கேட்டது.

கம்பி, ஜாக், கோடெக், டிரைவர் நான்கும் குற்றமற்றவை. தவறு முடிவெடுக்கும் இடத்தில். 'டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்' அதை உறுதிசெய்தது: வெளியீடுகளில் யுஎஸ்பி ஹெட்செட்டை விட்டால் எச்டிஎம்ஐ மட்டுமே இருந்தது. ஏஎல்சி887 அங்கே இல்லவே இல்லை. அதன் புரொஃபைல், அதாவது அட்டை எப்படி இயங்க வேண்டும் என்ற அமைப்பு, 'ஆஃப்' நிலையில் கிடந்தது. ஏன் என்பதற்கான விடை 'ஏமிக்சர்' கட்டளையின் முழுப் பட்டியலில் ஒரே வரியில் இருந்தது. 'ஃபிரன்ட் ஹெட்போன் ஜாக்', மதிப்பு: ஆஃப். ஹெட்போனோ அந்த நேரம் ஜாக்கில் செருகியே இருந்தது. எடுத்துச் செருகினாலும் மதிப்பு அசையவில்லை.

அதாவது, முன்பக்கத்தில் ஏதோ செருகப்பட்டிருக்கிறது என்ற செய்தியே கோடெக்குக்குப் போய்ச் சேரவில்லை. பின்பக்க ஜாக்கிலும் எதுவும் இல்லை. இரண்டு வாயும் காலி என்று நம்பிய வயர்பிளம்பர் அந்த அட்டையை மூடிவிட்டு, 'நான் இருக்கிறேன்' என்று கைதூக்கி நிற்கும் எச்டிஎம்ஐக்கு ஒலியைத் திருப்பிவிட்டது. அதன் கணக்குப்படி அது சரியான முடிவுதான். எத்தனை முறை மறுநிறுவல் செய்தாலும், எந்த வெளியீட்டை மாற்றிப் போட்டாலும், பொய்த் தகவல் வன்பொருளிலிருந்து வந்துகொண்டிருக்கும்வரை இதே முடிவுதான் வரும்.

பெட்டியைத் திறந்தபோது

மதர்போர்டின் ஓரத்தில் முன்பக்க ஒலிக்கான இரட்டை வரிசை முள்கள் இருக்கும். பத்து இடம், ஒன்பது முள். 8ஆம் இடம் காலி. அதில் மாட்டியிருந்த கறுப்புப் பிளக்கின் பக்கவாட்டில், மங்கிய வெள்ளை எழுத்தில் ஏசி97 என்று இருந்தது. பிளக்கை மெல்ல இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால், 7ஆம் துளைக்கு வயரே வரவில்லை.

கதை முழுதும் அந்தத் துளையில்தான். ஏசி97 என்பது இன்டெல் 1997இல் கொண்டுவந்த தரம். அதன் இடத்தில் 2004இல் எச்டி ஆடியோ வந்தது. இரண்டுக்கும் பிளக்கின் வடிவம் ஒன்றே, காலி இடமும் ஒன்றே. ஆகவே பழைய பிளக் புதிய முள்களில் சிக்கலே இல்லாமல் உட்கார்ந்துகொள்ளும். முள்களின் வேலைதான் வேறு. எச்டி ஆடியோவில் 5 வலது ஹெட்போன், 9 இடது ஹெட்போன். 7ஆம் முள் வழியாக உணர்வுச் சமிக்ஞை ஜாக்குக்குப் போகிறது. உள்ளே இருக்கும் சிறிய சுவிட்ச், பிளக் செருகியதும் மூடிக்கொண்டு, ஹெட்போனுக்கு 10, மைக்குக்கு 6 என்று அந்தச் சமிக்ஞையைத் திருப்பி அனுப்புகிறது. எந்த வாயில் என்ன செருகப்பட்டது என்பதைக் கோடெக் இப்படித்தான் தெரிந்துகொள்கிறது.

ஏசி97இலும் 5, 9 என்பவை வலது, இடது ஒலிதான். ஆனால் 6, 10 இரண்டும் முன்பக்கத்தில் எதுவும் செருகாதபோது ஒலியைப் பின்பக்க ஜாக்குக்குத் திருப்பிவிடும் பாதைகள். 7க்கு வேலையே இல்லை. எனவே ஒலி போகும் பாதை பொருந்துகிறது, 'செருகியாயிற்று' என்று சொல்லும் பாதை பொருந்துவதில்லை. நேரடிச் சோதனையில் ஒலி கேட்டதும், பைப்வயர் வழியே கேட்காததும் இதனால்தான்.

விண்டோஸில் எப்படி வந்தது? ரியல்டெக்கின் விண்டோஸ் கட்டுப்பாட்டுப் பலகையில் 'முன்பக்க ஜாக் கண்டறிதலை முடக்கு' என்றொரு தேர்வு உண்டு. அந்த வன்தட்டில் அது ஏற்கெனவே தேர்வாகியிருந்தது. லினக்ஸிலும் அதையே செய்யலாம். யாரும் அதைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

திருத்தம்

கேபினட்டிலிருந்து வரும் ஒலி வயரின் முனையில் சிலவற்றில் இரண்டு பிளக்குகள் தொங்கும்: ஒன்றில் ஏசி97, மற்றொன்றில் எச்டி ஆடியோ. இரண்டாவது இருந்தால் அதை மாட்டினாலே போதும், மென்பொருளில் எதையும் தொட வேண்டாம். இந்தக் கேபினட்டில் ஒன்றுதான் இருந்தது.

அடுத்த வழி பயாஸ், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள். பல மதர்போர்டுகளில் ஒலி தொடர்பான பக்கத்தில் 'ஃபிரன்ட் பேனல் டைப்' என்று ஒரு வரி இருக்கும். அதை எச்டியிலிருந்து ஏசி97க்கு மாற்றினால், முன்பக்க ஜாக்குக்குக் கண்டறியும் வசதி இல்லை என்று பயாஸே கோடெக்கின் பதிவில் எழுதிவிடும். எந்த இயங்குதளம் வந்தாலும் நிலைக்கும் என்பதால் இருப்பவர்களுக்கு இதுவே சிறந்த வழி. இந்தப் போர்டின் பயாஸில் அந்த வரி இல்லை.

பின்பக்கப் பச்சை ஜாக்கில் நீட்டிப்பு வயர் போட்டு முன்னால் கொண்டுவருவதும் கௌரவமான தீர்வுதான். ஆனால் கடலோரத்தில் பல ஆண்டுகள் இருந்த போர்டு இது. பின்பக்க ஜாக்கின் உள்தகட்டில் பச்சை பூத்து, பிளக்கைச் சற்றுத் திருப்பினாலே ஒரு பக்கக் காது அடைத்துப்போனது. தேர்வுக்குப் படிப்பவரை அதை நம்பி உட்கார வைக்க முடியாது.

ஆகவே கர்னல் வழி. டெபியனில் 'அல்சா டூல்ஸ் ஜியுஐ' பொதியை நிறுவினால் 'எச்டிஏ ஜாக் ரீடாஸ்க்' என்ற கருவி வரும். கோடெக்காக ஏஎல்சி887ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் என்விடியாவின் கோடெக்கும் நிற்கும், அதைத் தொடக் கூடாது. 'அட்வான்ஸ்டு ஓவர்ரைடு' என்பதை முதலில் இயக்க வேண்டும். முன்பக்கப் பச்சை ஹெட்போன் என்ற வரியில் 'ஓவர்ரைடு' குறியிட்டு, ஜாக் கண்டறிதல் என்ற கட்டத்தில் 'இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். முன்பக்க இளஞ்சிவப்பு மைக்குக்கும் அதே. மற்ற கட்டங்கள் இருந்தபடியே இருக்கட்டும். கடைசியில் 'இன்ஸ்டால் பூட் ஓவர்ரைடு' பொத்தான், பிறகு மறுதொடக்கம்.

கருவி உள்ளே செய்வது ஒரே ஓர் இலக்க மாற்றம். கோடெக்கின் ஒவ்வொரு முள்ளுக்கும் (மேலே சொன்ன மதர்போர்டு முள்கள் அல்ல, சில்லின் முனைகள்) எட்டு இலக்கப் பதினறும எண் ஒன்று உண்டு. முன்பக்க ஹெட்போன் இந்தப் போர்டில் 1பி என்ற முள், அதன் எண் 02214020. இடதிலிருந்து படித்தால்: ஜாக், முன்பக்கம், ஹெட்போன், 3.5 மிமீ, பச்சை என்று வந்து, வலதிலிருந்து மூன்றாவது இலக்கம் 0 என்றால் கண்டறியும் வசதி உண்டு என்று பொருள். அது 1 ஆனால் வசதி இல்லை. எனவே 02214120. மறுதொடக்கத்துக்குப் பின் 'ஏமிக்சர்' பட்டியலில் அந்த வரியின் பெயர் 'ஃபிரன்ட் ஹெட்போன் பாண்டம் ஜாக்' என்று மாறியிருந்தால் திருத்தம் ஏறிவிட்டது. வயர்பிளம்பர் இனி அதை 'காலி' என்று கருதாது. 'தெரியாது' என்று கருதும். தெரியாத வாயை அது மூடுவதில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. ஹெட்போன் செருகினால் பின்பக்க ஸ்பீக்கர் தானாக அடங்குவது இனி நடக்காது. இந்த அறையில் ஸ்பீக்கர் இல்லாததால் பரவாயில்லை. திருத்தம் வேண்டாமென்றால் அதே கருவியில் 'ரிமூவ் பூட் ஓவர்ரைடு' இருக்கிறது.

உள்நுழைவுத் திரை

மாணவரின் கணக்கில் குரல் வந்துவிட்டது என்று எழுந்துபோய்விடக் கூடாது. உள்நுழைவுத் திரையை ஓட்டுவது ஜிடிஎம் என்ற தனிப் பயனர். அதற்கென்று தனிப் பைப்வயர், தனி வயர்பிளம்பர். மாணவர் தன் கணக்கில் எந்த வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தார் என்பது அவருடைய வீட்டுக் கோப்புறையில் மட்டுமே சேமிக்கப்படும். ஜிடிஎம்முக்கு அது தெரியாது. அங்கே ஒலி எச்டிஎம்ஐக்குப் போக வாய்ப்பே இருக்கக் கூடாது என்றால், அந்த அட்டையைக் கணினி முழுமைக்கும் முடக்க வேண்டும்.

டெபியன் 12இல் வயர்பிளம்பர் 0.4 வரிசை. இதற்கு விதிகள் லுவா மொழியில். ஈடிசி கோப்புறைக்குள் வயர்பிளம்பர், அதற்குள் 'மெயின்.லுவா.டி' என்ற கோப்புறையில் 51 என்று தொடங்கும் புதிய கோப்பு ஒன்று. சாதனப் பெயரில் 0000_01_00.1 என்ற பிசிஐ முகவரி வரும் அட்டைக்கு 'டிவைஸ்.டிசேபிள்டு' என்பதை உண்மை என்று வைக்க வேண்டும். முகவரியைக் கொண்டு சுட்டுவதால் யுஎஸ்பி ஹெட்செட் செருகினாலும் எடுத்தாலும் விதி தவறாது. பிறகு ஜிடிஎம்3 கோப்புறையில் உள்ள 'கிரீட்டர்.டிகான்ஃப் டிஃபால்ட்ஸ்' கோப்பில் திரைவாசிப்பானை இயக்கும் அமைப்பை 'ட்ரூ' ஆக்க வேண்டும். அல்சாமிக்சரில் அளவைச் சரிசெய்து 'அல்சாசிடிஎல் ஸ்டோர்' கொடுத்துவிட்டால், அடுத்த தொடக்கத்திலும் அதே அளவு திரும்பும்.

டெபியனைக் குரல்வழி நிறுவியிருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அப்போது 'இஸ்பீக்கப்' என்ற உரைமுனைத் திரைவாசிப்பானும் சேர்ந்து வந்திருக்கும். அது அல்சா வழியே நேரே அட்டையைப் பிடித்துக்கொண்டால் பைப்வயருக்கு இடமில்லை. மேலே சொன்ன 'ஃபியூசர்' கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும். உரைமுனை தேவைப்படாதவர்கள் அந்தச் சேவையை நிறுத்திவிடலாம்.

விழுங்கப்படும் முதல் அசை

ஒலி திரும்பியதும் மாணவர் முதலில் சொன்ன குறை: "கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு ஒரு எழுத்து அடிச்சா, அது கேக்கவே மாட்டேங்குது அண்ணா." பார்வையுள்ளவர் கவனிக்கவே மாட்டார். பாட்டின் முதல் கால் விநாடி போனால் யாருக்குத் தெரியும்? திரைவாசிப்பானில் 'க' என்ற ஓர் எழுத்தின் முழு ஆயுளே அந்தக் கால் விநாடிதான்.

காரணம் இரண்டு இடங்களில். ஒலி நின்று 5 விநாடி ஆனதும் வயர்பிளம்பர் வெளியீட்டை உறங்க வைக்கிறது. அதற்குப் பிறகு கர்னல் டிரைவரும் கோடெக்கின் மின்சாரத்தைக் குறைக்கிறது. எழுப்பும் நேரத்தில் முதல் அசை காணாமல் போகிறது. முதலாவதற்கு, அதே 51 கோப்பில் 'அல்சா அவுட்புட்' என்று தொடங்கும் கணுக்களுக்கு, அதாவது வெளியீடுகளுக்கு, 'செஷன்.சஸ்பெண்ட் டைம்அவுட் செகண்ட்ஸ்' 0. இரண்டாவதற்கு, கர்னல் மாட்யூல்களை ஏற்றும் மோட்ப்ரோப்பின் அமைப்புக் கோப்பில் 'எஸ்என்டி எச்டிஏ இன்டெல்' மாட்யூலுக்கு 'பவர் சேவ்' 0. மேசைக் கணினியில் இதனால் கூடும் மின்செலவு பொருட்படுத்தத் தக்கதல்ல. மடிக்கணினியில் மட்டும் பேட்டரியை எண்ணிப் பார்த்துச் செய்யலாம். ஒன்றை மட்டும் செய்துவிட்டு 'பலனில்லை' என்று விடுபவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் எழுத்து முழுசாகக் கேட்கும்.

மைக்கில் இரைச்சல்

மாணவர்கள் விடைகளைப் பேசிப் பதிவுசெய்யத் தொடங்கியபோது அடியில் 'ம்ம்ம்' என்ற தொடர் இரைச்சல். மைக் பூஸ்ட்டை 30 டெசிபெலிலிருந்து 10க்கு இறக்கியும் குரலோடு சேர்ந்து அதுவும் குறைந்ததே தவிர, விலகவில்லை. கேபினட்டின் இரும்பைப் புறங்கையால் தடவினால் மெல்லிய சுரீர் தெரிந்தது. கணினி மாட்டியிருந்த நீட்டிப்புப் பலகையில் எர்த் வயரே இல்லை. எர்த் இல்லாதபோது மின்வழங்கியின் வடிகட்டி மின்தேக்கிகள் கேபினட்டை மின்வழியின் பாதி மின்னழுத்தத்துக்கு அருகே மிதக்க விடும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மைக்குக்குள் வருவது அந்த வழியில். எலக்ட்ரீஷியனை அழைத்து, மூன்று முள் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று அளந்து, நல்ல பலகையாக மாற்றியதும் இரைச்சல் அடங்கியது. இதற்கு மென்பொருளில் மருந்து தேடக் கூடாது. உயிர்ப் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

டெபியன் 13க்குப் போகும்போது

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் வயர்பிளம்பர் 0.5. அது லுவா அமைப்புக் கோப்புகளைப் படிப்பதில்லை. மேம்படுத்தியதும் எச்டிஎம்ஐ தடையும் உறக்கத் தடையும் சத்தமில்லாமல் செயலிழந்துவிடும். மேம்படுத்தும் முன்பே 'வயர்பிளம்பர்.கான்ஃப்.டி' கோப்புறையில் 'மானிட்டர்.அல்சா.ரூல்ஸ்' என்ற பிரிவின் கீழ் அதே இரண்டு விதிகளையும் புதிய வடிவில் எழுதிவைப்பது நல்லது, 0.4 அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது என்பதால் இடைஞ்சல் இல்லை. ஜாக் திருத்தமும் 'பவர் சேவ்' வரியும் கர்னல் மாட்யூலைச் சேர்ந்தவை என்பதால் அப்படியே தொடரும். மேம்படுத்தி முடித்ததும் யுஎஸ்பி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கணினியை முழுதாக அணைத்து, மறுபடி இயக்கி, உள்நுழைவுத் திரையில் குரல் வருகிறதா என்று கேட்க வேண்டும். மறுதொடக்கம் மட்டும் போதாது. மின்சாரம் முழுதும் போய் வந்த பிறகே கோடெக் தன் ஆரம்ப நிலையிலிருந்து எழுகிறது, வாசிப்பறையில் தினமும் காலையில் நடப்பதும் அதுதான்.